ஹானோவரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு ஹார்டு டிஸ்க்

1

எங்கள் வீட்டு ஹார்டு டிஸ்க் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 'டக்… டக்… டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. பல்லி கத்தினால் பலன் சொல்லத் தெரிந்த குடும்பம் எங்களுடையது. ஹார்டு டிஸ்க் கத்தினால் என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். வீட்டிலிருந்த மற்ற இரண்டு பேரையும் சந்தேகப்பட்டேன்.

ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில், வால்வு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்குத் தரச் சோதனைப் பிரிவில் வேலை. கைக்கு வரும் ஒவ்வொரு வால்வையும் 'இது எங்கேயோ கசியுது' என்று நினைத்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த வேலையை வீட்டுக்கும் எடுத்து வந்துவிடுகிறேன் என்பது என் மனைவி சுமதியின் பல வருடப் புகார்.

"நேத்து அலமாரியைத் தூசு தட்டினது நீதானே?"

"தட்டினேன். கொலை பண்ணலை. கம்ப்யூட்டர்ல சொருவிப் பாருங்க."

சொருகினேன். டிஸ்க் வந்தது, போனது. இன்னொரு தடவை அமுக்கிச் சொருகினேன். டக் டக். மகள் இனியா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று ஜெர்மனில் கேட்டாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் அவள் ஜெர்மனில்தான் பதில் சொல்வாள். வீட்டில் இது ஒரு ஒப்பந்தம் மாதிரி. யாரும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் நடக்கிறது.

அதில் இருந்தது அவள்தான். பிறந்ததிலிருந்து பத்து வயது வரை எடுத்த படங்களும் வீடியோக்களும் அந்த ஒரே டிஸ்கில் இருந்தன. அதிலும் ஒரு வீடியோ முக்கியம். நாலு வயதில் ஊருக்குப் போயிருந்தபோது கல்வராயன் மலையில் ஓர் அருவிப் பக்கம் எடுத்தது. ஒரு குரங்கு இவள் பிஸ்கட் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட, இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுத்தமான கள்ளக்குறிச்சித் தமிழில் அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள். குரங்கு கடைசியில் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டது என்பது சுமதியின் கூற்று. எனக்கு அந்த இடம் அவ்வளவு உறுதியில்லை.

இனியா இதை நம்புவதில்லை. "நான் தமிழ்ல அப்படிப் பேசினேனா? ரெண்டு பேரும் சேர்ந்து கதை விடறீங்க" என்பாள், அதையும் ஜெர்மனில்தான். அவளுக்குப் பதினெட்டு முடியப்போகிறது. அதன்பின் வேறு நகரத்தில் படிப்பு, வேறு வீடு. அவள் கிளம்புவதற்குள் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, 'இதோ பார், நீ எங்க பொண்ணுதான்' என்று நிரூபித்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வால்வுக்கே சான்றிதழ் கொடுக்கிறவன், மகளுக்கு ஒரு சான்று வைத்திருக்கக் கூடாதா?

2

ஹானோவரில் தகவல் மீட்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். வரவேற்பில் இருந்த அம்மாள், டிஸ்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். குடும்பம் என்றேன். பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒவ்வொருவரும் சம்மதக் கையெழுத்துப் போட்டால் நல்லது என்றார். அதில் ஒரு கல்யாண வீடியோ இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர் நைனார்பாளையம் முழுவதையும் ஹானோவருக்கு அழைத்துவந்து கையெழுத்து வாங்குவதாக ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தேன். அப்புறம் விலையைச் சொன்னார். டிஸ்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இந்த ஊர் அலுவலகங்களோடு எனக்கு முதலிலிருந்தே ராசி இல்லை. வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலக அதிகாரியை, ஊர் டீக்கடையில் கூட்டாளியைக் கூப்பிடுவது மாதிரி 'நீ' போட்டுப் பேசிவிட்டேன். ஜெர்மனிலும் நீ வேறு, நீங்கள் வேறு என்பது பாடத்தில் வந்திருந்தது. பயத்தில் வாயில் வரவில்லை. அதிகாரி அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. என் ஃபைலை எடுத்து அடுக்கின் அடியில் வைத்தார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த ஊரில் கோபம் சத்தம் போடாது என்று. அதற்குப் பிறகு சத்தம் போடாத எல்லாவற்றின் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

இனியாவும் சத்தம் போடாதவள். ஞாயிறு மதியம் ஊரிலிருந்து வீடியோ அழைப்பு வரும். மணி அடித்ததும் இவளுக்கு எங்கிருந்தோ தலைவலி வந்துவிடும். அறைக் கதவு சாத்திக்கொள்ளும். "புள்ள எங்க?" என்று அவர்கள் கேட்பார்கள். "படிக்குது" என்று நாங்கள் சொல்வோம். நம் ஆட்களைப் பார்த்து இவளுக்கு வெட்கம், நம் பேச்சைக் கேட்டால் கூச்சம், அவ்வளவுதான் விஷயம் என்று நான் எப்போதோ தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்காக நான் மட்டும் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. சுமதியின் தம்பி பழனிவேல் போனில், "டிஸ்க்க தூக்கிக்கினு வா மாமா, கள்ளக்குறிச்சில நம்ம ஆளு ஒருத்தன் கீறான்" என்றான். பழனிக்கு எல்லாத் தொழிலிலும் நம்ம ஆள் ஒருத்தன் உண்டு. அந்த ஆளுக்குப் பழனியைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை.

விமானத்தில் டிஸ்கை மேலே பெட்டியில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் எங்கேயோ தரச் சோதனையில் இருப்பவராக இருக்கலாம்.

3

நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பழனியின் பைக்கில் போனோம். சின்னசேலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மாமா, மெய்யாலுமே சொல்லு. உள்ள இன்னா கீது?"

"போட்டோ. வீடியோ."

"போட்டோவுக்கா பிளேன்ல மடில வச்சிக்கினு வந்த? அக்காவே சொல்லிச்சி. பிட்காயின் தானே?"

"பிட்காயின் இருந்தா உன் பைக்ல ஏன்டா வரேன்?"

"அதான் மாமா டவுட்டு. இருக்கறவன்தான் இப்டி இல்லாதவன் மாதிரி வருவான்."

சந்தேகம் எங்கள் குடும்பத்துப் பக்கம்தான் என்று நினைத்திருந்தேன். பெண் கொடுத்த பக்கத்திலும் இருக்கிறது.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது. செல்போன் சர்வீஸ், கம்ப்யூட்டர் சர்வீஸ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எல்லாம் ஒரே பலகையில். உள்ளே சம்பத் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். 'சென்னைல டேட்டா ரெக்கவரி கம்பெனில ஆறு வருஷம்' என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று தடவை சொன்னார். டிஸ்கைக் காதோரம் வைத்துக் கேட்டார்.

"எத்தினி தடவ சொருவிப் பாத்தீங்க?"

"ரெண்டு மூணு தடவை இருக்கும்."

"நெஞ்சு வலின்னு வந்தவன ஓட வுட்டுப் பாத்த மாதிரி பண்ணிகினு கீறீங்க. சரி, ஆதார் குடுங்க."

"எதுக்கு?"

"யார்னு தெரியாத ஆளு டிஸ்க்க தொடறதில்ல சார். போன வருஷம் ஒருத்தன் குடுத்துட்டுப் போனான். உள்ள பாத்தா கண்ட கருமம். போலீஸ்ல நான் போய் நின்னேன், அவன் வரல."

என்னிடம் ஆதார் இல்லை. ஜெர்மன் குடியுரிமை வாங்கிய பிறகு என்னிடம் இருப்பது வெளிநாட்டு இந்தியர் அட்டை மட்டும். அதைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பாஸ்போர்ட்டு மாதிரியும் கீது, இல்லாத மாதிரியும் கீது. நீங்க இந்த ஊரா, அந்த ஊரா?"

நான் இருபது வருடமாக யோசிக்கும் கேள்வியை இவர் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டுவிட்டார். பழனிதான் முன்னால் வந்து தன் ஆதாரைக் கொடுத்தான். ஜெராக்ஸில் 'ஹார்டு டிஸ்க் உரிமையாளர்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். போடும்போது முகத்தில் ஒரு பெருமை. பிட்காயினில் பாதி வந்துவிட்ட மாதிரி.

"குடுத்துட்டுப் போங்க, ரெண்டு நாள் ஆவும்" என்றார் சம்பத்.

"நான் இங்கேயே உட்கார்ந்துக்கறேன்" என்றேன்.

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாளும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், போன வருஷம் வந்தவன் எவ்வளவோ தேவலாம் என்று இருந்தது.

4

ஸ்க்ரூ டிரைவரால் பிளாஸ்டிக் உறையை நெம்பித் திறந்ததும் சம்பத் சிரித்துவிட்டார்.

"இன்னா சார், உள்ள கோயிலு கட்டி வச்சிகிறீங்க?"

ஒயர் சொருகும் இடத்தில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். உள்ளே சின்ன சர்க்யூட் பலகை மேலும் ஓரமாக வழிந்து கெட்டிப்பட்டிருந்தது.

ஆயுத பூஜை. எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பொட்டு வைக்காமல் தப்பிக்கும் பொருள் கிடையாது. மோட்டார் பம்பு, டிராக்டர், அரிவாள்மனை, தராசு, எல்லாம் நெற்றியில் பொட்டோடு நிற்கும். ஹானோவரில் எங்களிடம் டிராக்டர் இல்லாத குறையைச் சுமதி மற்றதில் தீர்த்துக்கொள்கிறாள். வாஷிங் மெஷின், காபி மெஷின், லேப்டாப், என் ஷூ பாலிஷ் பெட்டி. ஒரு தடவை ஹீட்டர் மீட்டருக்கும் வைத்துவிட்டாள். அளவெடுக்க வந்தவர் அதைத் துடைத்து முகர்ந்து பார்த்து, 'மீட்டரில் அடையாளம் தெரியாத கசிவு' என்று எழுதிக்கொண்டு போனார். வருடா வருடம் பூஜையில் இந்த டிஸ்குக்கும் ஓர் இடம் உண்டு.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் சுமதியைப் போனில் கூப்பிட்டேன்.

"பொட்டு எங்க வச்ச?"

"நடுவுலதான் வச்சேன். ஓட்டையிலயா வைப்பாங்க?"

"ஓட்டைக்குள்ள எப்படிப் போச்சு?"

"சந்தனம் கரைச்சது யாரு? ரசம் மாதிரி கரைச்சுக் குடுத்தீங்க. வழியாம என்ன பண்ணும்?"

பழனி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். தரச் சோதனைப் பிரிவு போனை வைத்தது.

"கரண்டு வுட்டு வுட்டு வந்துகிது, அதுல உள்ள படிக்கற ஹெட்டு அடி வாங்கிக்கிது" என்றார் சம்பத். சுரண்டிச் சுத்தம் செய்து, உறையில்லாமல் டிஸ்கை நேராக அவருடைய மெஷினில் மாட்டினார். பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன். இருப்பதை முதலில் அப்படியே வேறொரு நல்ல டிஸ்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், கெட்ட இடம் வந்தால் தாண்டிப் போய்விட வேண்டும், அப்புறம் அந்த நகலில்தான் தேட வேண்டும், பழையதைத் திரும்பத் தொடக்கூடாது என்று விளக்கினார். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் டீ குடிக்கப் போனால் நான் திரையைப் பார்த்தேன். நான் வெளியே போனால் அவர் பழனியிடம் என்னைப் பற்றி விசாரித்தார். அதைப் பழனியே வந்து சொன்னான்.

"உங்க மாமா அங்க இன்னா வேல பாக்கறாருன்னு கேட்டான். வால்வுன்னேன். இன்னா வால்வுன்னான். நெஞ்சுல வைக்கற வால்வுன்னு சொல்லிட்டேன். அப்பறம்தான் டீயே வந்துச்சி."

ஹானோவரை நினைத்தால் சிரிப்பு வரும். அங்கே என் பெயரை ஒரு காகிதத்தில் எழுதக்கூட என்னிடம் அனுமதி கேட்பார்கள். இங்கே பக்கத்துப் பூக்கடைக்காரம்மா வந்து, "இவருதான் அந்த ஜெர்மனிக்காரரா, ரெண்டு நாளா பொட்டி காக்கறாரே?" என்று என் முன்னாலேயே சம்பத்திடம் கேட்டார். இந்தக் கடையில் இருப்பவர்கள் யாராவது என் மகள் படத்தை எடுத்து எதற்காவது உபயோகித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் சிறுநீர் கழிக்கவும் அளவாகவே போனேன்.

5

இரண்டாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குமேல் சம்பத் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க சார், பாத்துக்கோங்க. அப்பறம் நான் எத்தையாச்சும் எடுத்துட்டேன்னு சொல்லக் கூடாது."

கல்யாண வீடியோ வந்தது. பிறந்த நாட்கள் வந்தன. முதல் பனியில் வழுக்கி விழும் இனியா வந்தாள். அருவியும் வந்தது. பாறை, தண்ணீர், சுமதியின் பழைய சுடிதார். நான் ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தேன். குரங்கு மரத்திலிருந்து இறங்குகிறது. இனியா திரும்புகிறாள். இடுப்பில் கை வைக்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

படம் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். திறந்த வாயோடு நின்றது. பச்சைக் கோடுகள் குறுக்கே ஓடின.

"அந்த எடம் போச்சு சார். கெட்ட எடம்."

"சரியா அந்த இடம் மட்டுமா?"

"நான் இன்னா பண்ணட்டும்? அந்தக் கொரங்கு கிட்டயா காசு வாங்கினேன்?"

திறந்த வாயை வைத்து என்ன நிரூபிப்பது? கொட்டாவி விட்டாள் என்பாள்.

சம்பத் பாவம் பார்த்தாரோ, தன் திறமையைக் காட்ட நினைத்தாரோ, "இருங்க, டெலீட் பண்ணதும் கொஞ்சம் வந்துகிது. அதுல எதுனா இருக்கும்" என்று வேறொரு ஃபோல்டரைத் திறந்தார். அழித்த கோப்புகள். பெயர் போய் வெறும் எண்களாக நின்றன. எல்லாம் ஒலிப்பதிவு. ஒழுங்காகப் பாடுகிறதா என்று பார்க்கும் பழக்கத்தில் முதலாவதைத் தட்டினார். கடையின் பெரிய ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

"மாமா, எப்டி… எப்டி கீறீங்க. சாப்ட்டீங்களா. நான் நல்லா கீறேன்." கொஞ்சம் இடைவெளி. ஜெர்மனில் தன்னைத்தானே ஏதோ திட்டிக்கொள்கிறாள். மறுபடி: "மாமா, எப்டி கீறீங்க. மழ பெய்யுதா. மாமா, ஸ்பீக்கர்ல போடாதீங்க மாமா. நான் உங்க கிட்ட மட்டும்…"

"நிறுத்துங்க" என்றேன்.

சம்பத் நிறுத்தினார். "யாரு சார்?"

பழனிதான் சொன்னான். "எங்க அக்கா பொண்ணு. என்னத்தான் மாமான்னு கூப்புடுது."

பதிமூன்று வயதுக் குரல். அவளுக்குப் புதுப் போன் வாங்கியபோது பழையதில் இருந்ததையெல்லாம் நான்தான் இந்த டிஸ்கில் கொட்டினேன். என்றைக்கோ அவளே வந்து இதை மட்டும் அழித்திருக்கிறாள்.

பழனி கொஞ்ச நேரம் பைக் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவ பேசிச்சி மாமா. உனக்கு ஞாபகம் இருக்காது. கோயில் திருநாளுக்கு வூடு நெறைய ஆளு. உங்க போன் வந்தா ஸ்பீக்கர்ல தானே போடுவோம். 'மாமா எப்டி கீறீங்க'ன்னுச்சி. அத்தினி பேரும் சிரிச்சிட்டாங்க. கேலிக்கு இல்ல மாமா. எவ்ளோ அழகா பேசுது பாருன்னு சந்தோஷத்துல. பக்கத்து வூட்டுக்காரங்கள்லாம் இன்னொரு தடவ பேச சொல்லுன்னாங்க. கட் ஆயிடுச்சி. சிக்னல் இல்லன்னு நெனச்சிகினோம்."

வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் எங்கள் வீடுகளில் ஸ்பீக்கரில் போடுவதுதான் மரியாதை. தனியாகக் காதில் வைத்துப் பேசினால் ஏதோ மறைக்கிறான் என்று அர்த்தம். அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இந்தப் பதிவுகள் அதற்கு அப்புறம் எடுத்தவை. மறுபடி பேசுவதற்காகப் பழகியிருக்கிறாள். பிறகு பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தலைவலிக்கு நான் எழுதிய தீர்ப்பு என் கண் முன்னால் நின்றது.

"மீதியும் போடவா?" என்றார் சம்பத்.

இரண்டு நாளாக இந்த மனிதர் என் வீட்டு விஷயத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று ஸ்டூலில் காவல் இருந்தேன். அவர் தானாக ஒன்றையும் பார்க்கவில்லை. இனியா அழித்ததைத் தோண்டி எடுக்க வைத்துக் கேட்டவன் நான்தான்.

"வேண்டாம். அவளைக் கேட்டுக்கறேன்" என்றேன்.

6

ஹானோவரில் அப்போது மதியம். இனியா முதல் மணியிலேயே எடுத்தாள். நான் தமிழில் பேசினேன்.

"கிடைச்சுதா?" ஜெர்மனில் கேட்டாள்.

"கிடைச்சுது. குரங்கு வீடியோ மட்டும் பாதியிலேயே நிக்குது. நீ வாயைத் திறக்கறே. சத்தம் வரலை."

"பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல." சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. அவளும் என் பெண்தானே, மோப்பம் பிடித்துவிட்டாள். "வேற ஏதாவது வந்துதா?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது.

"நீ அழிச்சது கொஞ்சம் வந்திருக்கு. மாமாகிட்ட பேசறதுக்குப் பழகினது. ஒண்ணு கேட்டேன், அதுவும் பாதி. மீதியைத் தொடலை. நீ வேண்டாம்னா இங்கேயே அழிச்சிடச் சொல்றேன்."

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சேலம், சேலம் என்று கூவிக்கொண்டிருந்தார்.

"யார் யார் கேட்டீங்க?"

"நான், பழனி மாமா, கடைக்காரர்."

"மாமா சிரிச்சாரா?"

இதை மட்டும் தமிழில் கேட்டாள்.

"இல்லம்மா. சிரிக்கலை."

அப்புறம் ஜெர்மனில், வேகமாக: "நீங்க கேட்டது முதல் ஃபைலா இருக்கும். அது ரொம்ப மோசம். கடைசி ஃபைலைக் கேட்டிருக்கணும். அதுல நல்லா பேசியிருப்பேன்."

நான் சம்பத்தைப் பார்த்தேன். கடைசிக் கோப்பைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். திறக்கவில்லை. அவர் உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார்.

"கடைசி ஃபைல் வரலைம்மா."

"சரி" என்றாள். "அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடறேன்."

வைத்துவிட்டாள்.

"இன்னா மாமா, கோச்சிகிச்சா?" என்றான் பழனி.

"இல்ல. கூப்பிடுவா."

அந்த நேரத்தில் அவள் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்துகொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். சம்பத் மூன்று டீ சொன்னார். பழனி டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அது வீடியோ அழைப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை.

மணி அடித்தது. போனை அவனிடம் நீட்டினேன். பழக்கத்தில் அவன் கட்டைவிரல் ஸ்பீக்கர் படத்துக்குப் போனது. தொடாமல் நின்றது. போனைக் காதில் அழுத்தி, மறு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தெருவுக்கு இறங்கினான்.

"ஹலோ, சொல்லும்மா" என்றது மட்டும் கேட்டது. அதற்குள் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. பூக்கடைக்கு அந்தப் பக்கம் போய் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றான். தலை மட்டும் ஆடியது. ரொம்ப நேரம் ஆடியது.

திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசு" என்றான். அவள் என்ன பேசினாள் என்று அவன் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான். அதனால்தான் கேட்கவில்லை.